பாரணை இல்லாத விரதம்

ஏகாதசி விரதத்தின் கடினமான பகுதி ஏகாதசியன்று இல்லை, மறுநாள் காலையில் இருக்கிறது. பட்டினி கிடக்க வேண்டிய நாளைக் குறிக்கும் பஞ்சாங்கம், துவாதசியன்று எத்தனை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதையும் குறித்துவைக்கிறது. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு பட்டியலே உண்டு. அதற்குப் பாரணை என்று பெயர். பாரணையைத் தவறவிட்டவரை ‘கூடுதலாக அரைநாள் விரதம் இருந்தவர்’ என்று யாரும் மெச்சுவதில்லை, விரதத்துக்குப் பங்கம் வந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். பாகவதத்தில் வரும் அம்பரீசன் கதையே இந்தச் சிக்கலின் மேல் நிற்பதுதான். விருந்துக்கு வந்த துருவாசர் நீராடப் போனவர் திரும்பவில்லை. துவாதசி முடியப்போகிறது. விருந்தாளிக்கு முன் உண்பதும் குற்றம், திதிக்குள் உண்ணாமல் இருப்பதும் குற்றம். அந்தணர்களைக் கலந்துகொண்டு அரசன் கொஞ்சம் தண்ணீரை மட்டும் குடிக்கிறான். தண்ணீர் உண்டதற்கும் சமம், உண்ணாததற்கும் சமம் என்று அவர்கள் வழி காட்டுகிறார்கள். சாப்பிடாமல் இருப்பதே புண்ணியம் என்று கதை நினைத்திருந்தால் அரசனுக்கு இந்தத் தவிப்பே வந்திருக்க வேண்டியதில்லை.

இந்தப் பழைய நுணுக்கத்துக்கும் ஒரு பொது மருத்துவரின் மேசைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெருமுனை கிளினிக்கிலோ இருக்கும் மருத்துவரிடம், தனக்கு உண்ணுதல் கோளாறு என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தலைசுற்றுகிறது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், வயிறு உப்புசம், மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை, சித்திரை வெயிலிலும் கை சில்லிட்டுப்போகிறது என்றுதான் வருகிறார்கள். தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எழுதப்படுகிறது, இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படுகிறது. சாப்பாடு எப்படி என்று கேட்டால், செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், சஷ்டி, சனிக்கிழமை ஒருபொழுது என்று பதில் வரலாம். ‘விரதம்’ என்ற சொல் விழுந்ததும் விசாரணை நின்றுவிடுகிறது. மருத்துவர் பக்தராக இருந்தால் மரியாதையால் நிறுத்திக்கொள்கிறார், நாத்திகராக இருந்தால் வம்பு எதற்கு என்று நிறுத்திக்கொள்கிறார். இருவரும் தம்மை அறியாமல் ஒரே தத்துவ முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள்: உண்ணாமை நேர்த்திக்கடனாக இருக்கும்வரை அது மதத்தின் விவகாரம், நோயாக மாறிய பிறகே மருத்துவத்தின் விவகாரம்; இரண்டுக்கும் நடுவே ஓடும் கோட்டை மருத்துவர் தொடக்கூடாது. இந்த முடிவு தவறு என்பதே என் வாதம். அந்தக் கோட்டை மருத்துவம் புதிதாகப் போட வேண்டியதில்லை. மதங்கள் அதை எப்போதோ போட்டுவைத்துவிட்டன. மருத்துவர் கேட்கத் தயங்கும் கேள்வியை மதங்களே கேட்டிருக்கின்றன.

உண்ணாநோன்பைப் போற்றும் எந்த மரபை எடுத்துக்கொண்டாலும், அதை அவிழ்க்கும் விதிகள் அதைக் கட்டும் விதிகளை விடக் கண்டிப்பானவையாக இருப்பதைப் பார்க்கலாம். ரமலானில் நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனே விலக்கு அளிக்கிறது. சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பு திறப்பதே சிறப்பு என்பதும், இரவிலும் உண்ணாமல் நோன்பைத் தொடர்ந்துகொண்டே போவதை நபிகள் தம் தோழர்களுக்குத் தடுத்தார் என்பதும் ஹதீஸ் மரபு. பெருநாளன்று நோன்பிருப்பது கூடவே கூடாது. கிறித்தவத்தில் 4ஆம் நூற்றாண்டின் கங்க்ரா சங்கம், துறவு என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமையும் உபவாசம் இருப்பவர்களைச் சபையிலிருந்தே விலக்கியது. இன்றைய கத்தோலிக்கச் சட்டம் உபவாசக் கடமையை 18 வயதில் தொடங்கி 60ஆம் வயதின் தொடக்கத்தில் முடித்துவிடுகிறது. கீதையின் 6ஆம் அத்தியாயம் அதிகம் உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறது. 17ஆம் அத்தியாயம், சாத்திரம் விதிக்காத கடுந்தவத்தால் உடலை வதைப்பவர்களை அசுரத் தன்மை உள்ளவர்கள் என்று சொல்லவும் தயங்கவில்லை. எலும்பும் தோலுமாகிப்போன சித்தார்த்தர் திரும்பவும் உணவை எடுத்துக்கொண்ட பிறகுதான் போதி மரத்தடிக்கே போகிறார். வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்ட நிலையையும், தேய்த்தால் உடம்பு மயிர் வேரோடு உதிர்ந்ததையும் மஜ்ஜிம நிகாயம் மருத்துவக் குறிப்பு போல விவரிக்கிறது. இன்று அதே குறிகளை ஒரு மருத்துவர் கண்டால் என்ன எழுதுவார் என்பதில் சந்தேகம் இல்லை.

இவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பைப் பற்றிய தால்முத் விவாதம். வருடத்தின் ஆகப் புனிதமான அந்த நோன்பு நாளில் நோயாளி ஒருவர் தனக்கு உணவு வேண்டும் என்கிறார், மருத்துவர் தேவையில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? நோயாளியின் பேச்சை. மருத்துவர் தேவை என்கிறார், நோயாளி வேண்டாம் என்கிறார். அப்போது யார் பேச்சை? மருத்துவரின் பேச்சை. மேலோட்டமாகப் பார்த்தால் இது முன்னுக்குப்பின் முரண். ஆனால் காரணம் தெளிவாகவே சொல்லப்படுகிறது. தன் வேதனையை அறிந்தவர் அவரேதான் என்பதால், பசிக்கிறது என்று சொல்பவரை நம்ப வேண்டும். வேண்டாம் என்பவரிடம் மட்டும், நோயின் மயக்கமே அவருக்காகப் பேசுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உணவு விஷயத்தில் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்கும் ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் சம எடை கிடையாது என்று, மனநல மருத்துவம் என்ற துறை பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பண்டிதர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். சொந்த விருப்பம் என்று தோன்றும் ஒன்றே நோயின் அறிகுறியாகவும் இருக்க முடியும் என்பது பின்னர் மருத்துவம் மெள்ள வந்துசேர்ந்த இடம். ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்ற பெயரை வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர் 1870களில்தான் நிலைநிறுத்தினார். அதே காலத்தில் பாரிசில் லாசேக், தன் நிலையில் எந்தக் குறையும் இல்லை என்று நோயாளி திருப்தியோடு இருப்பதையே நோயின் முக்கிய அடையாளமாகக் கவனித்தார்.

பெயரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அனோரெக்சியா என்றால் பசியில்லாமை. தமிழிலும் அதையே பெயர்த்துப் பசியின்மை நோய் என்று எழுதுகிறோம். இரண்டுமே தவறான பெயர்கள். நோயாளிக்குப் பசி இருக்கிறது, அதுவும் நாள் முழுக்க. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் தொடங்கிய ஆய்வு இதைக் காட்டியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள், உடலும் மனமும் நலமாக இருப்பவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறு மாதம் அரைவயிற்று உணவில் வைக்கப்பட்டார்கள். உடல் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு கரைந்தது. அவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள், நண்பர்களை விட்டு விலகினார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து கிடந்தார்கள். உடல் மெலிய வேண்டும் என்ற ஆசை அவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. பட்டினி தன் வேலையாகவே அந்த மனத்தை உண்டாக்கியது. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்கு மிக அணுக்கமான ஒரு கருத்து இருக்கிறது: உணவை விலக்குபவனிடமிருந்து புலன்பொருள்கள் விலகிப்போகும், அவற்றின் மேலுள்ள சுவை மட்டும் போகாது. விரதத்தின் நோக்கம் சுவையின் பிடியைத் தளர்த்துவது என்றால், நாள் முழுக்கக் கலோரியைக் கூட்டிக்கொண்டிருப்பவர், தான் தொடாத பலகாரத்தை வீட்டார் எல்லோருக்கும் சமைத்துப் போட்டு அவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவர், உணவின் பிடியில் முன்னைவிட ஆழமாக மாட்டிக்கொண்டவர். சமயத்தின் அளவுகோலாலேயே அது தோற்றுப்போன விரதம்.

ஆக, மருத்துவர் பார்க்க வேண்டியது எத்தனை நாள் உண்ணவில்லை, எந்தச் சாமிக்காக உண்ணவில்லை என்பதை அல்ல. அதற்குப் பாரணை இருக்கிறதா என்பதைத்தான். சஷ்டி ஆறு நாள். சூரசம்ஹாரமும் திருக்கல்யாணமும் முடிந்தால் இலை போட்டுச் சாப்பாடு. தவக்காலத்துக்கு உயிர்ப்புப் பெருவிழா, ரமலானுக்குப் பிறை. சாப்பிட வேண்டிய நேரம் வந்தபோது இவர் சாப்பிட்டாரா? பிரசாதத்தைக் கையில் வாங்கி வாயில் போட்டாரா, தாளில் மடித்து வைத்துக்கொண்டாரா? பூசாரியோ பங்குத் தந்தையோ ஆலிமோ வீட்டுப் பெரியவரோ ‘போதும், முடித்துக்கொள்’ என்றால் முடிக்க முடிகிறதா? விரதம் முடிந்த மறுநாளே இன்னொரு விரதத்துக்கு ஏதாவது காரணம் கிடைத்துவிடுகிறதா? விரதம் என்பது சங்கற்பம், அதாவது ஒருவர் வைத்துக்கொண்ட தீர்மானம். வைத்துக்கொண்டவரால் அவிழ்க்க முடியாமல் போன பிறகு, அது அவருடைய தீர்மானம் அல்ல. இதைக் கேட்பதால் பக்தி எங்கும் அவமதிக்கப்படவில்லை. பக்தியின் சொந்த இலக்கணப்படி அது பக்திதானா என்று விசாரிப்பது மட்டுமே நடக்கிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, ஞானிகளையும் துறவிகளையும் நோயாளிகளாக்கும் அற்பத்தனம் இது என்பது. 1985இல் ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இடைக்கால இத்தாலியப் புனிதைகளின் உண்ணாமையைப் ‘புனித அனோரெக்சியா’ என்று எழுதினார். இரண்டு ஆண்டுகளில் கேரலைன் வாக்கர் பைனம் அதற்கு மறுமொழி போன்ற ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்தார். அந்தப் பெண்களுக்கு உணவு என்பது நற்கருணை, ஏழைக்குப் பகிர்வது, கிறிஸ்துவின் உடலோடு கலப்பது. இருபதாம் நூற்றாண்டின் ஒல்லி உடல் மோகத்தை அவர்கள் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் நிலை. அர்த்தத்தைப் பொறுத்தவரை பைனம் சொல்வது சரி என்றே நான் ஏற்கிறேன். ஆனால் சியன்னா நகரத்துக் கேத்தரினை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டதை ஒரு தண்டை விட்டுக் கக்கிவிடுவார் என்று அவருடைய ஆன்ம குருவான ரெய்மண்டே எழுதிவைத்திருக்கிறார். 1380இல் இறந்தபோது கேத்தரினுக்கு வயது 33. அவர் உண்ணாததைக் குறைகூறிய ஒருவருக்கு அவரே எழுதிய கடிதம் இருக்கிறது. மற்ற மனிதர்களைப் போல உண்டு வாழ அருள் தரும்படி இறைவனிடம் இடைவிடாமல் மன்றாடுவதாகவும், தினமும் ஒருமுறை இருமுறை வலிந்து உண்ணப் பார்ப்பதாகவும், இதைத் தன் உடல்குறை என்றே கருதுவதாகவும் அதில் சொல்கிறார். அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அற்புதம் என்றார்கள், பின்னால் வந்தவர்கள் நோய் என்றார்கள். அவரோ முதலிலிருந்தே ‘என்னால் முடியவில்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவது வாக்குமூலத்தைக் கேட்டுக்கொள்ளத்தான் ஒரு மருத்துவர் தேவை. புனிதையா நோயாளியா என்று தீர்ப்பு எழுத அல்ல.

நம் மரபிலிருந்தே இன்னும் கூர்மையான எதிர்ப்பு ஒன்று எழலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர் விட்டதையும், பிசிராந்தையார் வந்து அவனோடு சேர்ந்ததையும் சங்கப் பாடல்கள் பெருமையாகவே பேசுகின்றன. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றுக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்த இடத்தைக் குறித்துவைத்திருக்கிறது. பாரணையே கிடையாத, மரணத்தில் முடிவதற்கென்றே எடுத்த விரதங்கள் இவை. சமணரின் சல்லேகனையை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் தற்கொலை என்று தீர்த்தது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. என் அளவுகோல் இங்கே உடைந்துவிடுகிறதா? அப்படித் தோன்றவில்லை. தீராத நோய், தள்ளாத முதுமை, தப்ப முடியாத பேரிடர் போன்ற நிலைகளுக்கே சல்லேகனை உரியது என்று சமண நூல்கள் வரையறுக்கின்றன. குருவின் அனுமதி வேண்டும், உணவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, சீக்கிரம் சாக வேண்டும் என்று ஆசைப்படுவதையும் இன்னும் வாழ வேண்டும் என்று ஆசைப்படுவதையும் அவை ஒருசேரக் குற்றமாக எண்ணுகின்றன. பாரணைக்குப் பதிலாக அங்கே அனுமதி இருக்கிறது. பதினாறு வயதில், யாருக்கும் தெரியாமல், இட்லியைப் பைக்குள் மறைத்துவைத்துக்கொண்டு நடக்கும் உண்ணாமைக்கும் சல்லேகனைக்கும் உள்ள தூரத்தை ஒரு சமண ஆசாரியரே முதலில் சொல்லிவிடுவார். அரசியல் உண்ணாவிரதமும் இப்படித்தான். பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கேட்டு 1952இல் சென்னையில் உயிர் துறந்தபோது, அவரைச் சாப்பிட வைக்க என்ன செய்ய வேண்டும் என்பது தில்லிக்குத் தெரிந்திருந்தது. எந்தக் கோரிக்கை நிறைவேறினாலும் முடியாத உண்ணாமையோ தன்னைத் தவிர யாரையும் நோக்கிப் பேசுவதில்லை.

எளிதில் பிடிபடாத நிகழ்வு சிமோன் வேய் என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் மரணம். 1943இல் லண்டனில் காசநோயோடு படுத்தவர், ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்சில் மக்களுக்குக் கிடைக்கும் பங்கை விட அதிகமாக உண்ண மறுத்தார். ஆகஸ்ட் 24 அன்று ஆஷ்ஃபோர்டு சானடோரியத்தில் இறந்தார். வயது 34. மனநிலை குலைந்திருந்த வேளையில் உண்ண மறுத்துத் தன்னை மாய்த்துக்கொண்டார் என்று மரண விசாரணை முடிந்தது. அவருடைய சிந்தனைக்கு அந்த வாசகம் அநீதி என்று அவரைப் படித்தவர்கள் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரை உண்ண வைக்கப் போராடிய மருத்துவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்தக் காரணத்தை மறுபரிசீலனை செய்யக்கூடிய மூளைக்கும் சர்க்கரை வேண்டும். மனிதருடைய எண்ணத்துக்கு அர்த்தம் சொல்வது வேறு, அந்த எண்ணத்தைத் தாங்கும் உடலைக் காப்பது வேறு. இரண்டாவதைச் செய்வதற்கு முதலாவதைத் தீர்த்தாக வேண்டிய அவசியம் இல்லை.

தன் உடம்பு, தன் உரிமை, இதில் மருத்துவர் யார் என்ற கேள்வியையும் தட்டிக்கழிக்க முடியாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் முடிவெடுக்கும் திறனை மதிக்கிறது. தகவலைப் புரிந்துகொள்ளவும், முடிவின் விளைவை உணரவும், முடிவைத் தெரிவிக்கவும் முடிந்தால் அவருக்குத் திறன் உண்டு. சிக்கல் என்னவென்றால், அனோரெக்சியா உள்ளவர் இவற்றையெல்லாம் சுலபமாக நிறைவேற்றிவிடுவார். தன் நாடித்துடிப்பையும் எடையையும் மருத்துவரை விடத் துல்லியமாகச் சொல்வார். பிரிட்டனில் ஜசிந்தா டான் என்ற மனநல மருத்துவர் தம் சகாக்களோடு இளம் நோயாளிகளிடம் நீண்ட நேர்காணல்கள் நடத்திக் கண்டது இதைத்தான்: புரிதலில் குறையில்லை, மதிப்புகளின் எடைதான் மாறிப்போயிருந்தது. மெலிவதோடு ஒப்பிடும்போது மரணம்கூடப் பெரிதாகப் படவில்லை. குணமாகும்போது அந்த மதிப்புகளும் மாறிவிடுகின்றன என்றால், அவற்றை முழுக்க அவருடையவை என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் இந்த வாதத்தை எச்சரிக்கையோடு பிடிக்க வேண்டும். எனக்குப் பிடிக்காத மதிப்பு எதையும் நோய் என்று அறிவிக்க இது கதவு திறந்துவிடும். வற்புறுத்தல் என்பது உயிர் போகும் தருணத்துக்கு மட்டும் உரியது. அப்படிப்பட்ட நெருக்கடியில், நியமனப் பிரதிநிதியின் ஒப்புதலோடு, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம் என்று அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் நீண்ட மாதங்களில் மருத்துவரிடம் இருப்பது பேச்சு மட்டுமே. சுதந்திரத்தைப் பறித்துவிடுவோமோ என்று அஞ்சி அந்தப் பேச்சையும் தவிர்ப்பது, கடைசியில் வற்புறுத்தலைத் தவிர வேறு வழி இல்லாத இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இது மேல்நாட்டு நோய், பணக்காரர் நோய், கண்ணாடி முன் நிற்பவர்களின் நோய் என்று ஒதுக்குவதும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 70 சீன நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் மூவருக்குக் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. வயிறு உப்பிக்கொள்கிறது, பசிக்கவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றார்கள். எலும்பு தெரிய மெலிந்திருந்தது மட்டும் எல்லோருக்கும் பொது. பட்டினி கிடப்பவர் தன் சமூகம் ஏற்றுக்கொள்ளும் ஒரு காரணத்தைச் சொல்கிறார் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. ஓரிடத்தில் அது டயட், ஓரிடத்தில் வயிற்றுக் கோளாறு, இன்னோரிடத்தில் விரதம். பாராட்டு கிடைக்கும் காரணம் கண்டுபிடிக்க மிகக் கடினமானது. டயட் என்று சொல்லும் பெண்ணை ‘சாப்பிடுடி’ என்று அதட்டும் அதே வீடு, சஷ்டி என்று சொன்னால் கையெடுத்துக் கும்பிடுகிறது. இடையில் ஒன்று: மணிமேகலையில் காயசண்டிகை ‘யானைத்தீ’ என்னும் பசிநோயால் எவ்வளவு உண்டும் அடங்காமல் அலைகிறாள். அடங்காமல் உண்பதை ஒரு முனிவரின் சாபமாகக் கண்டு பரிவு காட்டத் தெரிந்த பண்பாட்டில், உண்ணாமலே இருப்பதற்கு மட்டும் பரிவுக்குப் பதில் பாராட்டு கிடைக்கிறது. மறைவில் அள்ளி அள்ளித் தின்றுவிட்டுக் கக்கும் புலிமியாவுக்கு இரண்டுமே கிடைப்பதில்லை, வெட்கம்தான் மிச்சம்.

பொது மருத்துவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது, பயிற்சி ஏது என்ற நடைமுறை மறுப்பை நான் பாதி ஏற்கிறேன். வெளிநோயாளிகள் வரிசை தெருவரை நிற்கும்போது தத்துவம் பேச முடியாதுதான். ஆனால் முதல் கட்டத்துக்கு வேண்டியது கொஞ்சமே. 1999இல் பிரிட்டனில் உருவாக்கப்பட்ட ‘ஸ்காஃப்’ வினாப்பட்டியலில் இருப்பவை ஐந்தே கேள்விகள்: வயிறு நிறைந்ததும் சங்கடப்பட்டுக் கக்குவதுண்டா, எவ்வளவு உண்கிறோம் என்பது கைமீறிப்போவதாகக் கவலை உண்டா, மூன்று மாதத்தில் ஆறேழு கிலோ குறைந்ததா, பிறர் ஒல்லி என்றாலும் குண்டாகத் தோன்றுகிறதா, உணவே வாழ்க்கையை ஆள்கிறதா. இரண்டுக்கு ஆம் என்றால் மேலே விசாரிக்க வேண்டும். பட்டியலை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது, எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு ஒன்றைக் கொண்டே சிகிச்சையை மறுக்கக்கூடாது என்று அந்நாட்டின் நைஸ் அமைப்பு 2017இல் வழிகாட்டியது. நம்மூர் மருத்துவர் இவற்றோடு ஆறாவதாகப் பாரணைக் கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு நாடி பார்ப்பது, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் ரத்த அழுத்தம் பார்ப்பது, குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழச் சொல்வது, ஈ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 40க்குக் கீழே போனால், அது யோகியின் நாடி என்று வியக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பது ஆறுதல் அல்ல. உடல் கடைசிவரை கணக்கைச் சரிக்கட்டிக் காட்டும். 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கட்டுரை ஒன்று, அனோரெக்சியா உள்ளவர்கள் அதே வயதினரைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இறக்கிறார்கள் என்றும், அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் கணக்கிட்டது. பத்து நிமிடம் இதற்கு அதிகம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டை அறிந்தவர் குடும்ப மருத்துவர்தான். பாட்டி எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள், வீட்டில் யார் சொன்னால் பேத்தி கேட்பாள் என்பது அவருக்குத்தான் தெரியும். விரதத்தை விடு என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் எடுபடவும் எடுபடாது. பல குருக்கள்மார் பால், பழம் எடுத்துக்கொண்டும் விரதம் இருக்கலாம் என்பார்கள். மருந்துக்கு விலக்கு உண்டு என்பார்கள். உடம்பு தேறும்வரை பாராயணமோ கோயில் சேவையோ செய்தால் போதும் என்று மாற்றுச் சொல்வார்கள். அந்த அனுமதியை வாங்கித் தருவதும் சிகிச்சைதான். அனுமதி கிடைத்த பிறகும் உண்ண முடியாமல் போனால், அப்போது குடும்பத்துக்கே விஷயம் விளங்கும். நோயாளிக்கும் விளங்கலாம். சாமிக்காக அல்ல என்று தெரிந்துகொள்வது அவருக்குப் பயங்கரமான கணம். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் கடிந்துகொள்ளாதவராக இருக்க வேண்டும்.

உண்ணத் தொடங்கிவிட்டால் தீர்ந்தது என்றும் இல்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் நிலைகுலையும். இரண்டாம் உலகப் போரில் பட்டினியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தது இதனால்தான். கொஞ்சமாகத் தொடங்கி, தயாமின் கொடுத்து, ரத்தத்தை அடிக்கடி பார்த்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போவதே முறை. பாரணைக்கும் முதலில் கொஞ்சம் தண்ணீர்தான் என்பது அம்பரீசன் கதையில் இருக்கிறது. ஒரு வாய்த் தண்ணீருக்காகச் சீறிய துருவாசரைத்தான் திருமாலின் சக்கரம் உலகெங்கும் துரத்தியது, குடித்தவனை அல்ல. அதே கதையில் என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு செய்தியும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஓடிப்போன துருவாசர் திரும்பி வரும்வரை, ஓர் ஆண்டு, அரசன் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்கிறது பாகவதம். அது புராணக் கணக்கு. எந்த மருத்துவரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் முனிவர் வந்து நின்றதும் அரசன் அந்தத் தவத்தை ஒரு நாள்கூட நீட்டவில்லை. அவரை வணங்கி, உட்காரவைத்து, உணவு பரிமாறினான். துருவாசர் உண்டு முடித்து, ‘நீயும் சாப்பிடு’ என்றார். அம்பரீசன் சாப்பிட்டான்.